பொன்னுருவி மாமாவுக்கு, புரோக்கன் ஹில்லிலிருந்து

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீங்களும் அத்தையும் நலந்தானே? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்யச் சொல்லுங்கள். வெறும் தைலத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சிட்னியை விட்டு இந்த ஊருக்கு வேலை மாறிய பிறகு உங்களுக்கு நீளமாக எழுதவே இல்லை. புரோக்கன் ஹில், சிட்னியிலிருந்து மேற்கே 1,100 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. வெள்ளி, ஈயம், துத்தநாகம் எடுக்கும் சுரங்க ஊர். ஊருக்கு நடுவிலேயே சுரங்கக் கழிவு குன்றாகக் குவிந்து கிடக்கிறது. சுற்றிலும் சிவப்பு மண், அதற்கப்புறம் கண்ணுக்கெட்டிய வரை ஒன்றுமில்லை. முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. சம்பளம் நன்றாக இருக்கிறது, மனிதர்களும் நல்லவர்கள். மழையைத்தான் பார்க்க முடியவில்லை.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு சினிமா. 1994-ல் வந்த ஆஸ்திரேலியப் படம். பெயர் நீளம், இங்கே எல்லோரும் 'பிரிசில்லா' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். இயக்கியவர் ஸ்டீபன் எலியட். பெண் வேஷம் கட்டி மேடையில் ஆடும் இரண்டு ஆண்களும், அதே மேடையில் பேர் வாங்கி வயதாகிவிட்ட ஒரு திருநங்கையும், ஒரு பழைய பஸ்ஸில் சிட்னியிலிருந்து பாலைவனத்தைக் கடந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு ஆட்டம் போடப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. வழியில் அவர்கள் தங்கும் ஊர்களில் ஒன்று எங்கள் புரோக்கன் ஹில். அவர்கள் தங்கும் பேலஸ் ஹோட்டல் இன்னும் அப்படியே இருக்கிறது. உள்ளே சுவர், கூரை எல்லாம் ஓவியம். செப்டம்பர் மாதத்தில் இந்தப் படத்தைக் கொண்டாடவே இங்கே ஒரு திருவிழா நடக்கிறது. நாடெங்கும் இருந்து வேஷக்காரர்கள் வந்து தெருவில் ஊர்வலம் போகிறார்கள். அந்தச் சமயத்தில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்துதான் படத்தைப் பார்த்தேன்.

மாமா, நீங்களும் கூத்தில் பெண் வேஷம் கட்டுபவராயிற்றே, படம் நெடுக உங்கள் நினைவுதான். மேடையில் ஆடுவது கொஞ்ச நேரம். மீதி எல்லாம் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து அரிதாரம் பூசுவது, சவுரி சரியாக நிற்கவில்லை என்று சண்டை, யார் முதலில் ஆடுவது என்று சண்டை, காசு போதவில்லை என்று புலம்பல். நம் கூத்துக் கொட்டகைக்குப் பின்னால் நடப்பதெல்லாம் அந்த பஸ்ஸுக்குள் நடக்கிறது. கையில் பணம் இல்லாமல் எடுத்த படம். ரப்பர் செருப்புகளைக் கோத்தே ஓர் உடை செய்திருக்கிறார்கள். அதற்கெல்லாம் சேர்த்து லிஸி கார்டினர், டிம் சாப்பல் இருவருக்கும் 1995-ல் உடையலங்காரத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. கர்ணன் மனைவி பொன்னுருவி வேஷத்துக்கு ஜிகினாவை நீங்களே விளக்கடியில் உட்கார்ந்து ஒட்டுவீர்களே, அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த உழைப்பு தெரியும்.

புரோக்கன் ஹில் காட்சி வந்ததும் அரங்கமே எழுந்து கத்தியது. "அதோ நம்ம தெரு!" மூன்று பேரும் முழு வேஷத்தில் தெருவில் நடந்து ஹோட்டல் பாருக்குள் நுழைகிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு இங்கே இடமில்லை என்று ஓர் ஊர்ப்பெண் மறிக்கிறாள். அந்த வயதான திருநங்கை பெர்னடெட் கொடுக்கும் பதிலடியில் பாரே சிரித்து அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. எங்கள் அரங்கத்திலும் அதே சிரிப்பு, கைத்தட்டல். மறுநாள் காலை பார்த்தால் பஸ்ஸின் மேல் எய்ட்ஸைச் சொல்லி, ஊரைவிட்டு ஓடுங்கள் என்று கெட்ட வார்த்தையோடு யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். சற்று முன் கத்திய அத்தனை பேரும் வாயடைத்துப் போனார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். படம் முடிந்ததும் சொன்னார்: "படம் புதுசுல வந்தப்போ, எங்க ஊரை இப்படிக் காட்டிட்டாங்களேன்னு எனக்குக் கோபம். அப்புறம்தான் யோசிச்சேன், அன்னைக்கு அப்படித்தானே இருந்தோம்." இப்போது அவர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஊர்வலம் பார்க்கப் போகிறார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

பெர்னடெட்டாக நடித்தவர் டெரன்ஸ் ஸ்டாம்ப், இங்கிலாந்து நடிகர். 2025 ஆகஸ்டில் 87 வயதில் காலமானார். அந்த வேடத்தைத் திருநங்கை ஒருவருக்கே கொடுத்திருக்க வேண்டும் என்று இளையவர்கள் சொல்கிறார்கள். நியாயம்தான். ஆனாலும் அவர் ஓர் இடத்தில்கூட அந்தப் பாத்திரத்தைக் கேலிப்பொருள் ஆக்கவில்லை. நிமிர்ந்த கழுத்து, அளந்த பேச்சு. நம் சினிமாவில் ஆண் ஒருவன் புடவை கட்டி வந்தால் எதற்காகச் சிரிக்க வைக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் இதே படத்தில் எனக்குத் தாங்க முடியாத ஓர் இடமும் உண்டு. பிலிப்பைன்ஸிலிருந்து கல்யாணம் ஆகி வந்த பெண் ஒருத்தியை, ஆங்கிலம் வராதவளாக, பித்துப் பிடித்தவளாகக் காட்டி, பாரில் ஓர் ஆபாச வித்தையும் செய்ய வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அதை விவரிக்கக் கூச்சமாக இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் தோழி என் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சிரிப்பு. அவள் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். படம் வந்த காலத்திலேயே இங்கிருக்கும் பிலிப்பைன்ஸ் மக்கள் இதைக் கண்டித்திருக்கிறார்கள். வேஷக்காரர்களின் வலியை அவ்வளவு அருகில் போய்ப் பார்த்த இயக்குநர், அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் ஒரு நிமிடம் போய்ப் பார்த்திருக்கலாம். அவளும் கடல் தாண்டிப் பிழைக்க வந்தவள்தானே? முதியோர் இல்லத்தில் சிலர் எங்கள் இருவரையும் பெயர் மாற்றிக் கூப்பிடுவார்கள், அவர்களுக்கு நாங்கள் ஒன்றுதான். அதனால் அந்தச் சிரிப்பு என்மேலும் விழுந்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் தோழி சொன்னாள், மீதிப் படம் அவளுக்கும் பிடித்ததாம். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது என்றாள்.

அன்று இரவு நெடுநேரம் அவளிடம் உங்களைப் பற்றித்தான் பேசினேன். கர்ண மோட்சம் கூத்தில் விடிய விடிய நீங்கள் பொன்னுருவியாக நிற்பதை, போருக்குப் போகும் கர்ணனோடு நீங்கள் வாதாடும்போது முன்வரிசைக் கிழவிகள் முந்தானையால் கண் துடைப்பதை எல்லாம் சொன்னேன். அவ்வையார் வேஷம் கட்டியதாலேயே நாடக நடிகர் டி.கே.சண்முகத்துக்கு 'அவ்வை' பட்டமானதையும் சொன்னேன். ஆணா என்று கேட்டு ஆச்சரியப்பட்டாள். ஆனால் மாமா, ராத்திரி அழுத அதே ஊர், மறுநாள் டீக்கடையில் உங்கள் நடையைக் காட்டிச் சிரித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வருவீர்கள். அது உங்களுக்கு எப்படி இருந்தது என்று வீட்டில் யாருமே கேட்டதில்லை. நான் கேட்கிறேன். எழுத விருப்பம் இருந்தால் எழுதுங்கள்.

சவுரிக்கும் புதுப் பட்டுக்குமாகக் கொஞ்சம் பணம் தம்பியின் கணக்கில் போட்டிருக்கிறேன். அதை வேறு செலவுக்கு எடுக்க விடாதீர்கள். சித்திரையில் லீவு கேட்டிருக்கிறேன், பாரதக் கூத்து எந்த ஊரில், எந்தத் தேதியில் என்று முடிவானதும் சொல்லுங்கள். சின்ன வயதில் பெண்பிள்ளை என்று வேஷம் கட்டும் இடத்துக்குள் என்னை விடவே மாட்டீர்கள். இந்தத் தடவை சாயங்காலமே வந்து, நீங்கள் முதல் பூச்சு பூசுவதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கூத்து வாத்தியாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்