'கெடிவ் இஸ்மாயில்': காட்சிப் பலகையில் விட்டுப்போன இரண்டு நிமிடம்

கடல்சார் அருங்காட்சியகங்களில் போர்க்காலக் காட்சிகளை அமைப்போருக்கு,

வணக்கம். மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் துருப்புக் கப்பல் 'கெடிவ் இஸ்மாயில்', 1944 பிப்ரவரி 12 அன்று மாலத்தீவின் ஒன்றரை டிகிரி கால்வாயில் மூழ்கியது. அதைப் பற்றிய பேச்சு எப்போதும், நீர்மூழ்கிகளை அழிக்கக் கடலுக்குள் போடும் ஆழ்நீர் வெடிகுண்டுகளில்தான் போய் நிற்கிறது. தத்தளித்தவர்கள் நடுவே துணைக்கு வந்த 'பெட்டார்ட்' நாசகாரிப் போர்க்கப்பல் குண்டு போட்டது உண்மைதான். அவர்களுக்கு அடியில் ஜப்பானின் ஐ-27 நீர்மூழ்கி பதுங்கியிருந்தது. அதனிடமிருந்து காப்பாற்ற வேண்டிய துருப்புக் கப்பல்கள் இன்னும் நான்கு இருந்தன. ஆனால் 1,511 பேரில் 1,297 பேர் இறந்ததற்கு முதல் காரணம் அந்தக் குண்டுகள் அல்ல. பெரும்பாலோர் அதற்கு முன்பே கப்பலோடு போய்விட்டார்கள்.

1922இல் சிலி நிறுவனம் ஒன்றுக்காக 'அகோன்காகுவா' என்ற பெயரில் கட்டிய பயணிகள் கப்பல் அது. இப்படிப்பட்ட கப்பலைத் துருப்புக்கு மாற்றும்போது கீழ்த்தளங்களில் படுக்கை போட்டு ஆட்களை நிரப்புவார்கள். மேலே வரும் படிக்கட்டு மட்டும் பழைய அகலத்திலேயே இருக்கும். இயந்திர அறையும் கொதிகலன் அறையும் கப்பலின் பெரிய, திறந்த அறைகள். அங்கே உடைந்தால் இடைச்சுவர்கள் தாங்காது. அங்கேயே இரண்டு டார்பிடோ பட்டு இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது.

உயிர்காப்புப் படகை இறக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பாருங்கள். கட்டு அவிழ்க்க வேண்டும், வெளியே தள்ள வேண்டும், முன்கயிற்றையும் பின்கயிற்றையும் ஒரே அளவில் விட வேண்டும். ஒன்று முந்தினால் படகு செங்குத்தாகத் தொங்கி ஆட்களைக் கொட்டிவிடும். கப்பல் ஒருபக்கம் சாய்ந்துவிட்டால், மேலேறிய பக்கத்துப் படகு கப்பலின் மேலோட்டிலேயே உரசி நிற்கும். சரிவுச் சட்டத்தில் வைத்த மிதவைக்கு இந்தத் தொல்லை இல்லை. கொளுவியை விடுவித்தால் தானே வழுக்கி விழும்.

ஆகவே உல்லாசப் பயண நாளின் புகைப்படத்தைப் பெரிதாக மாட்டாமல், தளங்களைக் காட்டும் குறுக்குவெட்டுப் படம் ஒன்று வையுங்கள். பக்கத்தில் இரண்டு நிமிடம் ஓடும் கடிகாரம் போதும்.

வெடிகுண்டு விஷயத்தை மறைக்கவும் வேண்டாம். ஒரு குண்டில் சுமார் 130 கிலோ வெடிமருந்து. நீரில் வரும் அதிர்வு, காற்றிருக்கும் நுரையீரலையும் குடலையும் கிழிக்கும் என்று நேராகவே எழுதுங்கள். மேலெழுந்த ஐ-27ஐ 'பெட்டார்ட்'டின் 4 அங்குல பீரங்கிகளால் மூழ்கடிக்க முடியவில்லை. ஏழாவது டார்பிடோதான் முடித்தது.

இறந்த 77 பெண்களைப் பற்றி ஓரளவு எழுதப்படுகிறது, நல்லது. அதே கப்பலில் இறந்த கிழக்கு ஆப்பிரிக்கப் பீரங்கிப் படையினரோ வெறும் எண்ணாகவே நிற்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் நைரோபியில் உள்ள கிழக்கு ஆப்பிரிக்க நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கிருந்து எடுத்து, அதே அளவு எழுத்தில் போடுங்கள்.