சோதித்துப் பார்ப்பதற்கும் ஒரு நெறி உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

பௌத்தம் எதையும் கண்மூடி நம்பச் சொல்லவில்லை, ஆகவே அவரவர்க்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை கூறியிருந்தது. முதல் பாதி எனக்கு உடன்பாடே. இரண்டாம் பாதிதான் இடறுகிறது.

இதற்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது புத்தரின் உரைத்தொகுப்புகளுள் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் உள்ள காலாம சூத்திரம் என்னும் உரை. செவிவழிச் செய்தி, மரபு, நூல் வழக்கு, சொல்பவர் நம் ஆசான் என்ற மதிப்பு முதலிய 10 காரணங்களால் ஒன்றை ஏற்க வேண்டாம் என்று கேசபுத்த ஊராரிடம் புத்தர் சொல்கிறார். அந்தப் பத்தில் வெறும் தர்க்கமும், சிந்தித்துப் பார்த்து மனத்துக்கு ஒப்பிய கருத்து என்பதும்கூட அடங்கும். மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் இவ்விடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு செயல் தீங்கில் முடிகிறதா, அறிவோர் அதைப் பழிக்கிறார்களா என்று தாமே அறிந்த பின்புதான் அதை விட வேண்டும். கொள்வதற்கும் இதே அளவுகோல்தான்.

பௌத்தத்தின் அடிப்படையான நான்கு வாய்மைகளையும் புத்தரின் முதல் பேருரை, நம்ப வேண்டியவையாக அல்லாமல், செய்ய வேண்டிய வேலைகளாகவே வைக்கிறது: துன்பம் முழுதும் அறியப்பட வேண்டியது, அதன் காரணமான வேட்கை விடப்பட வேண்டியது, துன்பத்தின் ஓய்வு நேரில் காணப்பட வேண்டியது, வழி பயின்று வளர்க்கப்பட வேண்டியது. அசையாமல் அரை மணி நேரம் அமர்ந்தால் முழங்கால் வலிக்கும். வலி ஒன்று, "இது எப்போது தீரும்" என்ற மனத்தின் முனகல் மற்றொன்று. ஒரே ஆளின் மேல் பாயும் இரண்டு அம்புகள் என்று பௌத்த சூத்திரங்கள் இதைச் சொல்கின்றன. முனகலை விரட்டாமல் கவனித்தால் இரண்டாம் அம்பின் கூர்மை குறைகிறதா என்பதை எவரும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு நாள் அமர்ந்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவது சோதனை ஆகாது. பல வாரங்கள் முறையாகப் பயின்றும் குறையவில்லை என்றால் அதையும் மறைக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும். (எனக்குச் சில நாள்களில் குறைந்தது, பல நாள்களில் குறையவில்லை.)

மறுபிறப்பை இவ்வாறு சோதிக்க இயலாது. ஆனால் அதே காலாம சூத்திரத்தின் இறுதியில், மறுவுலகு இருந்தால் நற்கதி, இல்லாவிட்டாலும் பகையும் துயரும் அற்ற வாழ்வு இங்கேயே என்று தொடங்கும் 4 ஆறுதல்கள் வருகின்றன. நம்பவும் மறுக்கவும் அவசரப்படாதவர்களுக்கு இடம் தரும் இப்பகுதியைக் கட்டுரையாளர் அடுத்த முறை விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்