வந்தியத்தேவர் கற்பனை அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவல் பற்றி வெளியான கட்டுரையில், வந்தியத்தேவன் என்னும் கற்பனை வீரனை உண்மையில் வாழ்ந்தவன் என்று நம்பி, கதையையும் வரலாற்றையும் குழப்பிக்கொள்வது இக்கால மாணவர்களின் வழக்கம் என்றொரு வரி இருந்தது. நாள்தோறும் தங்கள் இதழைப் படிக்கும் மாணவியாகிய என்னை அந்த வரி மிகவும் புண்படுத்திவிட்டது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ராஜராஜ சோழனின் தமக்கை குந்தவையாரை வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்றே குறிப்பிடுவது தாங்கள் அறியாததன்று. நாவலில் வரும் நந்தினிதான் கற்பனை. கல்வெட்டில் சில சொற்களோடு நின்றுவிட்ட ஒருவருக்குக் குதிரையும் துடுக்கும் காதலும் தந்தவர் கல்கி; ஆளை அவர் உண்டாக்கவில்லை. மாணவர்கள் குழப்பிக்கொள்வதாகச் சொன்ன கட்டுரையிலேயே இந்தப் பிழை நேர்ந்திருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் பிறந்து வளர்ந்த ஊர் காட்டுமன்னார்கோயில். முதல் அத்தியாயத்தில், ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வரும் வீரநாராயண ஏரிதான் எங்கள் வீராணம். பதினொன்றாம் வகுப்பு விடுமுறையில் அதைப் படித்தபோது, 74 கணவாய்கள் என்ற இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, மதகுகளை எண்ணுவதற்காகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். எண்ணி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. சென்னைக்குக் குடிநீர் போகும் ஏரி என்று மட்டுமே நான் அறிந்திருந்த அதற்கு, முதலாம் பராந்தகனின் விருதுப்பெயரே பெயராயிற்று என்று எனக்குச் சொன்னது பாடநூல் அன்று, அந்த நாவல்தான். பள்ளி நூலகத்தில் மூன்றாம் பாகமான ‘கொலை வாள்’ மட்டும் இல்லை. கேட்டபோதெல்லாம், பாடத்தைப் படிக்காமல் கதைப் புத்தகம் எதற்கு என்ற பதிலே கிடைத்தது. மீண்டும் தொடராக வந்த காலத்தில் என் அப்பாயி வாரந்தோறும் கிழித்துத் தைத்து வைத்திருந்த தாள்களில்தான் அதைப் படித்து முடித்தேன்.

ராஜராஜனின் அண்ணனும் சோழ இளவரசனுமான ஆதித்த கரிகாலனின் கொலையைக் குறிப்பிடும் கல்வெட்டு எங்கள் ஊரிலேயே, உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயே படித்த எங்களுக்கு அதை ஒருவரும் சொன்னதில்லை. கதையில் கொலைகாரன் யார் என்று திட்டமாகச் சொல்லப்படாத தவிப்பில் நானே தேடிப் போய்த்தான் அறிந்தேன். சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று கூறி, அவர்களைச் சேர்ந்தவர்களின் நிலங்கள் பறிக்கப்பட்டதை அக்கல்வெட்டு சொல்கிறது. நாவலில் ரவிதாசன் பாண்டியனின் ஆபத்துதவி, அதாவது மன்னனின் உயிரைக் காக்கச் சூளுரைத்த வீரன். கல்வெட்டிலோ பரமேசுவரனுக்கு இருமுடிசோழ பிரமாதிராஜன் என்று சோழர் பட்டமே இருக்கிறது. அப்படியானால் கொலையாளிகள் அரசுப் பணியில் இருந்தவர்களா என்ற கேள்வியைக் கல்லூரி முதலாண்டில் என் வாசிப்புக் கட்டுரையில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அவ்விரண்டு பக்கங்களையும் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, ‘நாவல் வரலாறு ஆகாது’ என்று எழுதித் திருப்பித் தந்தார்கள். நான் எழுதியதும் அதைத்தானே, ஐயா? நாவலும் கல்வெட்டும் எங்கே பிரிகின்றன என்பதைக் காட்டிய பக்கங்கள் அவை. படம் பார்த்துவிட்டு எழுதினாயா என்று வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கேட்கப்பட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. தங்கள் இதழிலும் அதே தொனியைக் கண்டபோது, மதிப்பு வைத்திருந்த ஒரு பெரியவரிடமிருந்தே அந்தக் கேள்வி மறுபடி வந்ததுபோல் இருந்தது.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் கோரவில்லை. வந்தியத்தேவர் பற்றிய அந்த வரிக்கு மட்டும் அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடமிருந்தால் உடையார்குடிக் கல்வெட்டின் படத்தையும் உடன் வெளியிடுங்கள். நான் படித்த பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு ஒரு பிரதி கூடுதலாக வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி,
காட்டுமன்னார்கோயில்