காலையில் கூச்சி, மாலையில் மேகாங்: வியட்நாம் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து வியட்நாமுக்குக் குழுப் பயணங்களை நடத்திவரும் ஏற்பாட்டாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் தொடங்கியபின், வியட்நாம் நம் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. பாங்காக், சிங்கப்பூர் என்று நின்றுவிட்ட நம்மவர்கள் அடுத்ததாக அங்கே போக விரும்புவதும், அவர்களைப் பத்திரமாக அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதில் நீங்கள் எடுத்துக்கொள்ளும் சிரமமும் எனக்குத் தெரியும். அந்தப் பயணத்தின் ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. நான் பார்த்த பயண நிரல்களில் பெரும்பாலானவற்றில் 'கூச்சி சுரங்கங்களும் மேகாங் டெல்டாவும், முழுநாள், மதிய உணவுடன்' என்று ஒரு வரி இருக்கிறது. கூச்சி, வியட்நாம் போரில் கெரில்லாப் போராளிகள் பதுங்கியிருந்த நிலத்தடிச் சுரங்கங்கள்; மற்றது மேகாங் ஆறு கடலில் கலக்கும் கழிமுகச் சமவெளி. அந்த வரியை இரண்டு நாள்களாகப் பிரியுங்கள். பிரிக்க முடியாவிட்டால் இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள் என்பதே என் கோரிக்கை.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். கூச்சி, ஹோ சி மின் நகரின் வடமேற்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் இருக்கிறது. டெல்டாப் படகுகள் புறப்படும் மை தோ தென்மேற்கே ஏறத்தாழ 70 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக நகரத்தையே சுற்றிக்கொண்டு வர வேண்டும். மை தோ பக்கம் விரைவுச்சாலை உண்டு என்றாலும், கூச்சிச் சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே ஒரு பேருந்து எவ்வளவு வேகத்தில் போகும் என்பதை உங்கள் ஓட்டுநர்களே சொல்வார்கள். ஆக, காலை ஏழு மணிக்கு விடுதியிலிருந்து ஏறும் பயணி, இரவு ஏழு மணிக்கோ அதற்கும் பிறகோ இறங்கும்போது, ஆறேழு மணி நேரத்தை இருக்கையிலேயே கழித்திருப்பார். சுரங்கத்துக்கு ஒன்றரை மணி நேரம், ஆற்றுக்கு இரண்டு மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் என்று மிஞ்சுவதைத்தான் பங்கு போட முடிகிறது. இந்தக் கணக்கை உங்கள் விளம்பரத் தாளில் நான் எங்கும் பார்த்ததில்லை.

கூச்சியில் அந்த ஒன்றரை மணி நேரத்தில் நடப்பது என்ன? பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பாதிவரை காட்டுகிறார்கள். பிறகு காட்டுப் பாதையில் வரிசையாக நடத்திப் போய், காய்ந்த இலைகள் மூடிய தரையில் ஓரிடத்தில் நிறுத்துகிறார்கள். பச்சை உடை அணிந்த பணியாளர் குனிந்து, இலைகளைக் கையால் விலக்கி, ஒரு சிறு மரப்பலகையைத் தூக்குகிறார். கீழே ஒரு மனிதன் தோளைக் குறுக்கினால்தான் நுழையக்கூடிய துளை. அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்கி, பலகையைத் தலைக்கு மேலே இழுத்து மூடியதும், சற்று முன் அங்கே ஓர் ஆள் நின்றார் என்பதற்கு அடையாளமே இல்லாமல் போய்விடுகிறது. எங்கள் குழுவில் இருந்த எல்லாரும் ஒரு கணம் பேச்சற்று நின்றோம். அந்த மௌனம் தொடர விடாமல் 'வாங்க, வாங்க, மை தோவுக்கு நேரமாகிறது' என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

அங்கே கேட்டறிய எவ்வளவோ இருக்கிறது. 1940களின் இறுதியில் பிரெஞ்சுப் படைகளை எதிர்த்தபோது தோண்டத் தொடங்கி, 1960களில் அமெரிக்கரை எதிர்த்த போரின்போது ஏறத்தாழ 250 கி.மீ. நீளத்துக்கு விரிந்த வலை அது. கெட்டியான செம்மண் களி என்பதால் முட்டுக் கொடுக்காமலே நின்றது. மூன்று அடுக்குகளில் உறங்குமிடம், மருத்துவமனை, கிணறு, கூட்ட அறை எல்லாம் இருந்தன. காற்று வருவதற்கான துளைகளைக் கறையான் புற்றுபோலச் செய்து மறைத்தார்கள். அடுப்புப் புகையை நீண்ட கால்வாய் வழியே செலுத்தி, பல அறைகளில் தேக்கி, மெல்லிய இழையாக வெளியே விட்டார்கள். அதுவும் விடியற்காலை மூடுபனியில் புகை கலந்துவிடும் வேளையாகப் பார்த்துச் சமைத்தார்கள். 1966 ஜனவரியில் அமெரிக்க, ஆஸ்திரேலியப் படையினர் ஏறத்தாழ 8,000 பேர் இந்தப் பகுதியைச் சல்லடையாகத் தேடினார்கள். மறு ஆண்டு ஜனவரியில் 30,000 பேர் கொண்ட படை வந்தது. அப்போதுதான் சைகோன் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பென் சுக் என்ற கிராமத்தின் மக்களை அப்புறப்படுத்திவிட்டு ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கையும் வேர்க்கடலைப் பொடியையும் ஒரு தட்டில் வைத்து நம்மிடம் நீட்டுகிறார்களே, அது விருந்தோம்பலுக்காகத் தருவதன்று. சுரங்கங்களில் இருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் உண்டு உயிர் வாழ்ந்த உணவு. சொல்ல ஆளிருந்தால் அந்தக் கிழங்கை நம்மவர்கள் வேறு மனதோடு வாயில் வைப்பார்கள்.

கூச்சியில் பார்வையாளர்களுக்கென்று இரண்டு இடங்கள் இருக்கின்றன. பென் டின், ஹோ சி மின் நகருக்குச் சற்று அருகில் இருப்பதால் பெரும்பாலான பேருந்துகள் அங்கேதான் போகின்றன; எப்போதும் கூட்டம். இன்னும் சற்றுத் தள்ளியிருக்கும் பென் டுவோக் பரப்பில் பெரியது, கூட்டம் குறைவு. போரில் இறந்த 44,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களைச் சுவர்களில் பொறித்த நினைவுக் கோயிலும் அங்கேதான் உள்ளது. உங்கள் நிரலில் எந்த இடம் என்று குறிப்பிடாமல் 'கூச்சி' என்று மட்டும் எழுதுகிறீர்கள். ஒரே நாளில் மை தோவும் போயாக வேண்டும் என்பதால் பென் டுவோக் தானாகவே விலகிவிடுகிறது. இருப்பவற்றில் எது கைவிடப்படுகிறது என்பதையாவது பயணிக்குச் சொல்ல வேண்டும்.

துப்பாக்கி சுடும் இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அங்கே தோட்டாவுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, போர்க்காலத் துப்பாக்கிகளால் குறிவைத்துச் சுடலாம். விரும்புகிறவர்கள் சுடட்டும். ஆனால் அந்த வெடிச்சத்தம் காடு முழுவதும் கேட்கிறது. நேரமில்லை என்று சொல்லும் வழிகாட்டி, அங்கே மட்டும் அரை மணி நேரம் நிறுத்துகிறார். நம் குழுக்களில் சிறு பிள்ளைகள் வருகிறார்கள். ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஊருக்கு வந்து, நம் உறவினர்களோடு சேர்ந்து பயணப்படும் ஈழத்தமிழர்களும் வருகிறார்கள். வீட்டு முற்றத்தில் பதுங்குகுழி வெட்டி, விமானச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளை உள்ளே தள்ளிய நினைவு அவர்களுக்கு இருக்கும். அவர்களில் ஒருவர் சுரங்க வாயில் வரை வந்து, உள்ளே வராமல் நின்றுவிட்டால், 'பயமா?' என்று சிரித்துக் கேட்கிற டூர் மேனேஜரை நீங்கள் அனுப்பக் கூடாது. சுடுமிடம் வழியில் வரும் என்பதையும், வேண்டாதவர்கள் எங்கே ஒதுங்கி அமரலாம் என்பதையும் பேருந்திலேயே சொல்லிவிடுவது கடினமன்று.

அதேபோல, சுற்றுலாப் பயணிகளுக்காக அகலப்படுத்திய பகுதியிலும் குனிந்தும் தவழ்ந்தும்தான் போக முடியும். உள்ளே வெக்கை அதிகம். முழங்கால் வலி, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் நம் குழுக்களில் பாதிப்பேர் இருப்பார்கள். சிறிது தூரத்திலேயே வெளியேறும் வழிகள் உண்டு என்பதைச் சொல்லாமலே அவர்களை வரிசையில் விடுவதும், பின்னால் வருபவர் அவசரப்படுத்துவதும் ஆபத்தானவை.

இனி டெல்டா. பிற்பகல் வெயிலில், சாப்பிட்ட களைப்போடு மை தோ படித்துறைக்குப் போய்ச் சேர்கிறோம். மோட்டார் படகு தோய் சோன் தீவுக்கோ பென் ட்ரே கரைக்கோ கொண்டுபோய் விடுகிறது. தேனீக்கள் மொய்க்கும் சட்டம் ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள், தேன் கலந்த தேநீர் தருகிறார்கள், தேங்காய் மிட்டாய் செய்வதைக் காட்டி விற்கிறார்கள். பிறகு நிப்பா பனைகள் இருபுறமும் கவிந்த குறுகிய வாய்க்காலில் துடுப்புப் படகு. அந்த நேரத்தில் எல்லாக் குழுக்களும் ஒன்றாக வந்து சேர்வதால், படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்கின்றன. எங்கள் படகை ஓட்டிய அம்மாள் எதிரே வந்த படகைத் துடுப்பின் நுனியால் தள்ளித் தள்ளி வழி ஏற்படுத்திக்கொண்டு போனார்; கால் மணி நேரத்தில் கரையேற்றிவிட்டு, அடுத்த குழுவுக்காக உடனே திரும்பினார். இரண்டு நிமிடம் கூட நின்று பேச முடியாத இந்த ஏற்பாட்டில், அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவுமில்லை.

நடுவில் பழத்தட்டை வைத்துவிட்டு நாலைந்து பாடல் பாடுவார்கள். அது தெற்கு வியட்நாமின் டோன் கா தாய் து என்னும் இசை மரபு; 2013-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அவர்கள் வாசிக்கும் கிதாரை உற்றுக் கவனித்தால், தந்திக்குக் கீழே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருப்பது தெரியும். தந்தியை அழுத்தி இழுத்து ஒரு சுரத்தை அசைப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். வீணையில் கமகத்தைக் கேட்டு வளர்ந்த நம் காதுகளுக்கு அது உடனே பிடிபடும். பழம் தின்று முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது என்பதுதான் வருத்தம்.

உங்களிடம் வருபவர்களில் திருச்சி, தஞ்சை, திருவாரூர், நாகை மக்கள் கணிசமானவர்கள் அல்லவா? ஆறு கடலில் கலக்கும் இடத்து வாழ்க்கை அவர்களுக்குப் புதிதன்று. வியட்நாமின் நெல்லில் பாதிக்கு மேல் இந்த டெல்டாவில்தான் விளைகிறது. அதன் நிலம் கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாதது. மேலே சீனத்திலும் லாவோஸிலும் கட்டிய அணைகளில் வண்டல் தேங்கிவிடுகிறது. கீழே மணல் அள்ளுவதால் ஆற்றுப்படுகை ஆழமாகிறது. கோடையில் உப்புநீர் உள்நாட்டுக்குள் ஏறி வருகிறது. 2016-இலும் 2020-இலும் உவர் மிகவும் உள்ளே வந்தது. 2020-இல் பென் ட்ரே, டியென் ஜியாங் உள்ளிட்ட ஐந்து மாகாணங்கள் நெருக்கடி நிலையை அறிவித்தன. குடிநீரையே விலை கொடுத்து வாங்கினார்கள். கல்லணையையும் மேட்டூரையும் பற்றிப் பேசிப் பேசியே வளர்ந்த ஒரு விவசாயி, அந்தத் தென்னந்தோப்பில் ஒரு முழு காலையைக் கழிக்கக் கிடைத்தால் எத்தனை கேள்வி கேட்பார்! எந்த நெல்ரகம் உப்பைத் தாங்குகிறது, நெல்லை விட்டு இறாலுக்கு மாறியவர்கள் என்ன ஆனார்கள், மடையை எப்போது அடைக்கிறார்கள், வயலுக்கு நல்ல நீரை எங்கே தேக்குகிறார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்கு நாம் கொடுப்பது மிட்டாய்ப் பொட்டலமும் திரும்பிப் பார்க்க நேரமில்லாத ஒரு படகுச் சவாரியும்.

இந்த இணைப்பில் எனக்கு உள்ள ஆழமான குறை இன்னொன்று. காலையில் போர், மாலையில் இயற்கை என்று பிரித்துக் காட்டும்போது, டெல்டாவைப் போர் தீண்டவே இல்லை என்ற எண்ணத்தோடு பயணி ஊர் திரும்புகிறார். உண்மையில் 1960-இல், அமெரிக்க ஆதரவு பெற்ற தெற்கு வியட்நாம் அரசுக்கு எதிராகப் பென் ட்ரேயில் கிளர்ச்சி வெடித்தது. 1963 ஜனவரி 2-இல் மை தோவுக்கு மேற்கே ஆப் பாக் என்ற ஊரில் நடந்த சண்டை அந்தப் போரின் திருப்பங்களுள் ஒன்று. 1968 பிப்ரவரியில் பென் ட்ரே நகரின் பெரும்பகுதி குண்டுவீச்சில் அழிந்தது. மை தோ அருகே டோங் தாமில் அமெரிக்க ஆற்றுப்படையின் பெரிய தளம் இருந்தது. நாம் படம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பகுதியின் ஆறுகளில்தான் பீரங்கிப் படகுகள் போயின. இரண்டு இடங்களையும் பார்த்தும் இந்தத் தொடர்பு ஒருவருக்குத் தெரியவில்லை என்றால், அந்த நாள் அவருக்கு எதைக் கொடுத்தது?

விடுமுறை நாள்கள் குறைவு, செலவு கூடும், வாடிக்கையாளர்களே இரண்டையும் கேட்கிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். நியாயமான பதில்தான். ஆனால் நான்கு இரவுப் பயணத்தில்கூட வழி இருக்கிறது. கூச்சியை அதிகாலையில் தொடங்கி அரை நாளில் வைத்துக்கொள்ளலாம். கூட்டத்துக்கு முன்பே போய்ச் சேரலாம், வெயிலும் தணிந்திருக்கும். பிற்பகலில் நகரிலுள்ள போர் எச்சங்கள் அருங்காட்சியகத்தைப் பார்த்தால், காலையில் கண்டதற்குப் பொருள் சேரும். அப்படியே செட்டியார்கள் காலத்திலிருந்து நிற்கும் மாரியம்மன் கோயிலுக்கும் போய்வரலாம். டெல்டாவுக்குத் தனி நாள் ஒதுக்கினால், பென் ட்ரேயில் தோப்பு வீட்டில் ஓரிரவு தங்கலாம். அல்லது டெல்டாவின் பெரிய நகரமான கான் தோ வரை போய், பழைய அளவுக்குப் படகுகள் கூடாவிட்டாலும் விடியற்காலையில் காய் ராங் மிதக்கும் சந்தையைப் பார்க்கலாம். கடைத்தெருவுக்கென்று நீங்கள் வைத்திருக்கும் அந்த ஒரு பகல் இதற்குப் போதும்.

அதுவும் முடியாதென்றால், இதையாவது செய்யுங்கள். அந்த நாளில் வண்டியில் எத்தனை மணி நேரம், ஒவ்வோரிடத்திலும் எத்தனை மணி நேரம், கூச்சியின் எந்தப் பகுதி என்பதை அச்சில் போடுங்கள். மதிய உணவில் பொரித்த யானைக்காது மீனை நடுவில் நிறுத்தி வைப்பார்கள். சைவ உணவு வேண்டுவோர் தொகையை முதல் நாளே சொல்லி வையுங்கள், பௌத்த மரபு உள்ள நாடு என்பதால் நல்ல சைவச் சமையல் அங்கே தாராளமாகக் கிடைக்கும். துடுப்புப் போடுகிறவர்களுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டிய தொகையைப் பயணக் கட்டணத்திலேயே சேர்த்து, அவர்கள் கையில் நேராகப் போய்ச் சேருவதை உங்கள் ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்த பருவத்துக்கான நிரலை நீங்கள் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இந்த ஒரு நாளை மட்டும் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். என் உறவினர்களிலும் நண்பர்களிலும் வியட்நாம் போக எண்ணியிருப்பவர்கள் பலர். கூச்சிக்கும் டெல்டாவுக்கும் தனித்தனி நாள் ஒதுக்கிய நிரல் யாரிடம் இருக்கிறதோ, அவர்களிடமே பதிவு செய்யும்படி நான் சொல்லிவருகிறேன்.

இப்படிக்கு,
உங்களுள் ஒருவரோடு அந்த நாளைக் கழித்த பயணி