பெயின்ட் அடிக்கும் முன் ஒரு போட்டோ

பழைய டிராக்டர், அறுவடை இயந்திரம் வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு,

வணக்கம். நான் இதுவரை புது வண்டி வாங்கியதே இல்லை. ஓட்டியதெல்லாம் உங்களைப் போன்றவர்களிடம் வாங்கியவைதான். நீங்கள் லாபம் வைப்பதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அறுவடை முடிந்து யாரும் சீந்தாத நேரத்தில் வண்டியை எடுத்து, உழவு தொடங்கும்வரை பணத்தை முடக்கிப் போட்டு, நடுவில் பம்ப் போனால் கைக்காசில் மாற்றுகிறவர்கள் நீங்கள். லாபம் வேண்டும்தான்.

என் குறை வேறு. வண்டி உங்கள் ஷெட்டுக்குள் நுழையும் நாளில் அது வந்த வழி உங்களுக்குத் தெரியும். புது வண்டிக்கு எக்ஸ்சேஞ்சாக வந்திருக்கும்; கடன் கட்டாமல் பறிமுதலாகி ஏலத்துக்கு வந்திருக்கும்; வாடகைக்கு ஓடித் தேய்ந்திருக்கும்; விவசாயத்தை விட்டவர் கொடுத்திருப்பார். சிலது உங்களுடையதே இல்லை, கமிஷனுக்கு நிறுத்தியிருப்பீர்கள். ஒரே ஆள் ஓட்டிய வண்டியும் பத்துப் பேர் கைபட்ட வாடகை வண்டியும், எஞ்சின் ஓடிய மணியைக் காட்டும் மீட்டரில் ஒரே கணக்கைக் காட்டலாம். கிளட்ச்சுக்குத்தான் வித்தியாசம் தெரியும். ஏலத்தில் எடுத்த வண்டியைப் பல நேரம் நீங்களே ஓட்டிப் பார்த்திருக்க மாட்டீர்கள். சரி, அதையாவது சொல்லலாமே! அடுத்த நாளே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, பெயின்ட் அடித்து, பெடலுக்குப் புது ரப்பர் போட்டுவிடுகிறீர்கள். கசிந்த இடம், விரிசல், தேய்மானம் எல்லாம் அதோடு போய்விடுகிறது.

நான் ஏமாந்ததும் இப்படித்தான். வண்டி பளபளவென்று நின்றது, மீட்டரில் மணியும் குறைவு. ஹைட்ராலிக் ஹோஸ் மேல்கூட பெயின்ட் பட்டிருந்ததை அன்றைக்கே பார்த்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் பருவத்திலேயே கியர் பாக்ஸ் இணைப்பில் எண்ணெய் கசிந்தது. பெயின்ட்டைச் சுரண்டினால், அடியில் ஒரு சாண் நீளத்துக்கு வெல்டிங். அப்புறம்தான் மற்றதையும் பார்த்தேன்: இழுவைக் கொக்கியின் ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தது, எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ தண்டின் பற்கள் கூராகித் தேய்ந்திருந்தன. மீட்டர் சொன்ன மணிக்கு அவ்வளவு தேய்மானம் வராது.

மீட்டரை மட்டும் நம்பி விலை சொல்வதும் சரியில்லை. பழைய மெக்கானிக்கல் மீட்டர், எஞ்சின் குறிப்பிட்ட வேகத்தில் சுற்றினால்தான் ஒரு மணிக்கு ஒரு மணி காட்டும். மெதுவாக ஓடினால் குறைவாகத்தான் ஏறும். அறுவடை இயந்திரம் பலவற்றில் எஞ்சின் மணி தனி, கதிரடிக்கும் பகுதியின் மணி தனி. நீங்கள் எங்களிடம் சொல்வது பெரும்பாலும் எது குறைவோ அது!

கேட்பது அதிகமில்லை. கழுவும் முன் வண்டியைச் சுற்றி நாலு போட்டோ எடுத்து வையுங்கள். எந்த வழியில் வந்தது, எதை மாற்றினீர்கள், எதைத் தொடவே இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அடமானம் தீர்ந்த காகிதமும் சேஸிஸ் எண்ணும் விலை பேசும் முன்பே மேசைக்கு வரட்டும். இதனால் சில வண்டிகளின் விலை இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுத்தவன் மறுவாரம் உங்கள் வாசலில் சண்டைக்கு வரமாட்டான். கிளட்ச் மாற்ற வேண்டும் என்று முதலிலேயே சொன்ன ஒருவரிடம்தான் நான் இரண்டாவது வண்டியை எடுத்தேன்.

டயர் விஷயத்தில் மட்டும் உங்களை நம்பியிருக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். கறுப்புப் பாலிஷ் அதை மறைக்காது.

இன்னொன்று. நான் வருகிறேன் என்று போன் செய்தால், தயவுசெய்து எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைக்காதீர்கள். முதல் ஸ்டார்ட்டை நானே போட்டு, புகையைப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது பழைய வண்டி தேடும் ஒரு விவசாயி