ஏடிவி சவாரிக்கு வயது வரம்பை முதலிலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு ஏடிவி எனும் கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கர வண்டியை ஓட்டப் போனால், பணத்தைக் கட்டி ஹெல்மெட்டும் மாட்டிய பிறகுதான் சின்னவன் ஓட்டக்கூடாது, பின்னால் உட்காரட்டும் என்கிறார்கள், இன்னோர் இடத்தில் 10 வயதுப் பிள்ளையிடமே சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். இது என்ன நியாயம்? நம் மலேசியாவில் மோட்டார் சைக்கிள் லைசென்சுக்கே 16 வயதாக வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 16 வயதுக்குக் கீழ் ஏடிவி வேண்டாம் என்றே சொல்கிறது. வண்டி கனமானது, உடம்பைச் சாய்த்துத்தான் திருப்ப வேண்டும், கவிழ்ந்தால் ஓட்டுபவர் மேலேயே விழும், வழிகாட்டி முன்னால் போவதால் மட்டும் அது மாறிவிடாது. ஒருவருக்கான வண்டியில் பிள்ளையைப் பின்னால் ஏற்றுவதும் ஆபத்துதான். சரி, சவாரி நடத்துபவர்களே, ஓட்ட எத்தனை வயது, பின்னால் உட்கார எத்தனை வயது, இரண்டையும் பணம் வாங்கும் முன்பே தெளிவாக எழுதிப் போடுங்கள்.

ஒரு தாய்,
சுங்கை சிப்புட்