மடங்கு வேண்டாம், அளவைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை பற்றிய உங்கள் கட்டுரையில் ‘இயல்பைவிடப் பல மடங்கு கதிர்வீச்சு’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. எது இயல்பு, எத்தனை மடங்கு என்று ஓரிடத்திலும் இல்லை. படத்தில் கதிர்வீச்சை அளக்கும் மீட்டர் இருக்கிறது, அதன் அலகு மட்டும் வெட்டுப்பட்டுவிட்டது!

இயற்கையிலிருந்து மட்டும் ஒருவருக்கு ஆண்டுக்குச் சேரும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு இது). அதில் பாதிக்கு மேல், மண்ணிலிருந்து கசிந்து வீட்டுக்குள் தங்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவால் வருவது. மற்றது பாறை, விண்வெளி, நாம் சாப்பிடும் சாப்பாடு ஆகியவற்றிலிருந்து. வயிற்றுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் ஏறக்குறைய 8 மில்லிசீவர்ட். ஸ்கேன் சென்டரில் இதை யார் கேட்கிறார்கள்?

எங்கள் கரையில் அளவு கூடுதல் என்பது உண்மைதான். இங்குள்ள மணலில் கலந்திருக்கும் மோனசைட் என்ற தாதுவில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் இருக்கிறது. இதே மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் கவனித்து 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. கதிர்வீச்சு கூடக்கூடப் புற்றுநோயும் கூடியதாக அதில் தெரியவில்லை.

சரி, அப்படியானால் பயமே வேண்டாமா? அப்படிச் சொல்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. மிகச் சிறிய கூடுதல் ஆபத்தைக் கண்டுபிடிக்க 70,000 பேர் என்ற எண்ணிக்கை போதாமல் இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்க அணுத் தொழிலாளர்கள் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து 2023இல் வந்த ஆய்வில், சேர்ந்த அளவு கூடக்கூடப் புற்றுநோய் மரணமும் கூடியது. தொழில்களால் பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் சேரக்கூடாது என்று வரம்பு வைத்திருப்பதும் இந்த எச்சரிக்கையில்தான். அந்த வரம்பைத் தாண்டினால் நோய் என்று பொருளில்லை. அதற்காக, ‘இங்கே இயற்கையாகவே இருக்கிறதே’ என்று சொல்லி மணலிலிருந்து தாதுக்களைப் பிரிக்கும் ஆலைகள் அதன்மேல் இன்னும் ஏற்றுவதையும் ஒப்புக்கொள்ள முடியாது. மீனவர்கள் கேட்பது இதைத்தான். உங்கள் கட்டுரையில் இது ஒரே வரியில் முடிந்துவிட்டது.

மீட்டர் மணிக்கு 1 மைக்ரோசீவர்ட் (மில்லிசீவர்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுக்க அங்கேயே இருப்பவருக்குச் சேர்வது 8.8 மில்லிசீவர்ட், ஒரே ஒரு நாள் மாலையில் ஒரு மணி நேரம் காற்று வாங்க வந்தவருக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே அடுத்த இதழிலாவது நிருபர் அளந்த எண்ணை, அலகோடும் அளந்த இடத்தோடும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
நாகர்கோவில்